ஆல்-மவுன்டன் ஸ்கீ வாங்கும் முன்: வடிவம், எடை, கடைசியில் நீளம்

ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குக் கட்டை, விற்கும் கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளர் பெரும்பாலும் உயரத்தைத்தான் முதலில் கேட்பார். பதிலைக் கேட்டுவிட்டு, முனை உங்கள் மோவாய்க்கும் நெற்றிக்கும் நடுவில் வருகிற ஒரு ஜோடியை எடுத்து நிறுத்துவார். வாடகைக் கடையில் பின்னால் பத்துப் பேர் காத்திருக்கும்போது இது போதும். சொந்தப் பணத்தில், குறைந்தது ஐந்தாறு பருவங்களுக்காவது வைத்திருக்கப்போகிற ஸ்கீ வாங்குகிறவருக்குப் போதாது. நீளம் தனியாக முடிவு செய்யக்கூடிய எண் அல்ல. இடையகலம், பக்க வளைவு, முனையின் எழுச்சி, எடை ஆகியவை முடிவான பிறகுதான் எந்த நீளம் என்ற கேள்விக்கே பொருள் வரும்.

உயரத்துக்கும் நீளத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதைப் பந்தயங்களைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஸ்கீ உலகக் கோப்பையில் ஆறடி உயர வீரர், குறுகிய திருப்பங்கள் நிறைந்த ஸ்லாலம் பந்தயத்துக்கு 165 செ.மீ. ஸ்கீயுடன் இறங்குகிறார். அதே உடம்போடு, வேகமே முக்கியமான டவுன்ஹில் பந்தயத்துக்குப் போனால் விதிப்படி 218 செ.மீ.க்குக் குறைந்த ஸ்கீ அணிய முடியாது. மாறியது ஆள் அல்ல. திருப்பத்தின் அளவும் வேகமும்தான். 1980களில் வயது வந்த ஆண்கள் 200 செ.மீ.க்கு மேற்பட்ட நேரான ஸ்கீகளில்தான் சறுக்கினார்கள். 1990களின் முதல் பாதியில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் இடையை ஒடுக்கி, முனையையும் வாலையும் அகலமாக்கிய எஸ்சிஎக்ஸ் வகை ஸ்கீயைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. பத்தே ஆண்டுகளில் கடைகளில் விற்ற ஸ்கீகள் முப்பது செ.மீ. வரை குட்டையாகிவிட்டன. அந்தப் பத்து ஆண்டுகளில் யாரும் உயரத்தில் குறைந்துவிடவில்லை.

எண்களைப் படிப்பது

ஸ்கீயின் வால் பக்கம் மேல்தகட்டிலோ பக்கவாட்டிலோ சிறிய எழுத்தில் சில எண்கள் அச்சாகியிருக்கும். 130-96-118 என்றால் முனை 130 மி.மீ., இடை 96 மி.மீ., வால் 118 மி.மீ. பக்கத்தில் ஆர் என்ற எழுத்தோடு 17 அல்லது 18 என்று இருப்பது திருப்ப ஆரம், மீட்டரில். 177 என்பது நீளம், செ.மீ.யில். எடை பெரும்பாலும் ஸ்கீயில் இருக்காது. பட்டியலிலோ இணையதளத்திலோ தேட வேண்டும். தேடும்போது இரண்டைக் கவனியுங்கள். அந்த எடை ஒற்றை ஸ்கீக்கா, ஜோடிக்கா? எந்த நீளத்துக்கு எடுத்தது? ஒரு நிறுவனம் 170 செ.மீ.க்கும் இன்னொன்று 184 செ.மீ.க்கும் எடை போட்டிருந்தால் இரண்டையும் ஒப்பிடுவதில் பயனில்லை.

நீள எண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். சில நிறுவனங்கள் வளைவோடு சேர்த்து அளக்கின்றன. சில நேர்கோட்டில் அளக்கின்றன. நாடாவை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் 180 என்று அச்சிட்ட ஸ்கீ 178 ஆக இருப்பது சாதாரணம்.

முதல் படி: உங்கள் பனி எது

ஆல்-மவுன்டன் என்ற பெயர் ஒரே ஜோடியில் மலை முழுவதையும் தருவதாக வாக்களிக்கிறது. காலையில் இயந்திரம் ஓட்டிச் சீர்செய்த இறுகிய சரிவு, மரங்களுக்கு நடுவே தங்கிய புதுப்பனி, மேடு பள்ளம், மாலையில் எல்லோரும் மிதித்துக் குழப்பிவிட்ட பனி என எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்குமாம். நடைமுறையில் ஒவ்வொரு ஆல்-மவுன்டன் ஸ்கீயும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்ந்ததை எடுப்பது என்பதை நீங்கள் போகிற மலை முடிவு செய்யட்டும்.

டொராண்டோவில் இருப்பவர் வார இறுதியில் போவது பெரும்பாலும் கோலிங்வுட் அருகிலுள்ள ப்ளூ மவுன்டனாக இருக்கும். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையே ஏறத்தாழ 220 மீட்டர்தான் வித்தியாசம். இயந்திரம் தூவிய பனி, உருகி மறுபடி உறைந்த பனி, சில நாட்களில் கண்ணாடி போன்ற பனிக்கட்டி. அங்கே 105 மி.மீ. இடையுள்ள ஸ்கீயை மாட்டிக்கொண்டு நிற்பது வெறும் தோற்றத்துக்குத்தான். வான்கூவர் பக்கம் விஸ்லரில் நிலைமை வேறு: பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரமான, கனத்த பனி, ஆழமும் அதிகம். அமெரிக்காவில் யூட்டாவின் ஆல்டாவில் ஆண்டுச் சராசரிப் பொழிவு 12 மீட்டருக்கு மேல், உலர்ந்த பொடிப்பனி. குல்மார்க்கில் அபர்வத் மலைக்கு ரோப் காரில் ஏறுகிறவர்கள் போவதே சீர்செய்யாத ஆழ்ந்த பனிக்காகத்தான். சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் சறுக்குகிற பெரும்பாலோருக்குப் பருவத்தின் முக்கால்வாசி சீர்செய்த சரிவிலும் அதன் ஓரத்திலும்தான் கழிகிறது. இரவெல்லாம் பனி கொட்டி காலையில் வானம் வெளுக்கிற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் ஸ்கீ வாங்கும்போது எல்லோருடைய மனத்திலும் அந்தச் சில நாட்கள்தான் ஓடுகின்றன. விளம்பரப் படங்களில் இருப்பதும் அந்த நாட்களே. அந்த ஆசைக்கு 102 மி.மீ. ஸ்கீயை வாங்கிவிட்டு, மீதி நாட்களெல்லாம் இறுகிய பனியில் அதோடு மல்லுக்கட்டுகிறவர்களை ஒவ்வொரு கேபிள் கார் வரிசையிலும் பார்க்கலாம். ஆழ்ந்த பனி விழுகிற நாளில் அகலமான ஸ்கீயை வாடகைக்கு எடுத்துக்கொள்ள முடியும். சொந்த ஸ்கீ, அடிக்கடி கிடைக்கிற பனிக்குப் பொருந்தட்டும்.

இரண்டாம் படி: இடையகலம்

ஸ்கீ பூட்டின் அடிப்பகுதி, தரநிலைப்படி, முன்பக்கம் ஏறத்தாழ 69 மி.மீ., பின்பக்கம் 70 மி.மீ. அகலம் கொண்டது. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் இடையகலம் செய்கிற வேலை எளிதில் புரியும். 72 மி.மீ. இடையுள்ள ஸ்கீயில் விளிம்பு ஏறத்தாழ பூட்டின் ஓரத்துக்கு நேர்கீழே இருக்கிறது. பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து அது 36 மி.மீ. தூரம். 96 மி.மீ. ஸ்கீயில் அந்தத் தூரம் 48 மி.மீ. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இறுகிய பனியில் விளிம்பின் மேல் நிற்கும்போது பனி அந்த விளிம்பை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஸ்கீயை மறுபடி தட்டையாக்கப் பார்க்கிறது. அந்தத் திருகலைத் தாங்க வேண்டியவை கணுக்காலும் முழங்காலும். விளிம்பு வெளியே போகப் போக அவற்றின் பாடு கூடுகிறது. ஒரு விளிம்பிலிருந்து அடுத்த விளிம்புக்கு மாறுவதற்கும் கூடுதல் நேரமாகிறது. பிற்பகலில் முழங்கால் வலிக்கிறது என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இடையகலத்தைத்தான்.

மென்பனியில் கணக்கு தலைகீழ். மேலே மிதப்பதற்குப் பரப்பு வேண்டும். 88 மி.மீ. இடையிலிருந்து 98 மி.மீ. இடைக்குப் போனால், முனையும் வாலும் அதே அளவு கூடினால், 175 செ.மீ. ஸ்கீயில் ஏறத்தாழ 170 சதுர செ.மீ. பரப்பு கூடும். பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. முழங்கால் வரை புதுப்பனி இருந்தால் இது நன்றாகவே தெரியும். கணுக்கால் அளவு பனியில் அவ்வளவாகத் தெரியாது. அங்கே முனையின் எழுச்சிதான் வேலை செய்கிறது.

ஆக, பெரும்பாலும் சீர்செய்த சரிவு, அவ்வப்போது ஓரம் என்றால் 80 முதல் 90 மி.மீ. பாதிக்குப் பாதி என்றால் 90 முதல் 98. 100ஐத் தாண்டுவது பனிப்பொழிவு மிகுந்த மலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு. ஆல்ப்ஸில் ஒரே ஜோடி வைத்துக்கொள்ளப்போகிற நடுத்தரத் திறமைக்காரருக்கு 88க்கும் 94க்கும் நடுவில் நின்றுவிடச் சொல்வேன்.

மூன்றாம் படி: பக்க வளைவு

முனையும் வாலும் அகலம், நடுவில் ஒடுக்கம். ஸ்கீயை விளிம்பில் சாய்த்து எடையைப் போட்டால், ஒடுங்கிய இடை பனியைத் தொடும்வரை ஸ்கீ வில்லாக வளைகிறது. அந்த வில்லின் பாதையில்தான் திருப்பம் போகிறது. பக்க வளைவு ஆழமாக இருந்தால் வில்லும் இறுக்கம், திருப்பமும் சிறிது.

நம் 130-96-118 ஸ்கீயையே எடுத்துக்கொள்வோம். முனை, வால் அகலங்களின் சராசரி 124, இடை 96. வித்தியாசம் 28, ஒரு பக்கத்துக்கு 14 மி.மீ. அதாவது 0.014 மீட்டர். முனையின் மிக அகலமான இடத்திலிருந்து வாலின் மிக அகலமான இடம் வரை 1.40 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீளத்தின் வர்க்கத்தை, ஆழத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரம் கிடைக்கும். 1.96ஐ 0.112ஆல் வகுக்க, 17.5 மீட்டர். அதே அகலங்களை வைத்துக்கொண்டு அந்தத் தூரத்தை 8 செ.மீ. மட்டும் நீட்டினால், ஆரம் 19.6 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. ஒரே மாதிரி ஸ்கீ 170இல் துறுதுறுவென்றும் 184இல் வேறு ஸ்கீயைப் போலவும் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். கடைக்காரர் அடுத்த அளவை எடுத்துக் கொடுக்கும்போது நீளத்தோடு ஆரத்தையும் சேர்த்துத்தான் மாற்றுகிறார்.

அச்சிட்ட ஆரம் ஓர் எல்லை மட்டுமே. ஸ்கீ சாயச் சாய உண்மையான திருப்பம் சுருங்கும். இறுகிய பனியில் அந்த ஆரத்தைச் சாய்கோணத்தின் கொசைனால் பெருக்கினால் ஏறத்தாழ விடை வரும். 17 மீட்டர் ஸ்கீயை 45 பாகை சாய்த்தால் 12 மீட்டர். 60 பாகை சாய்த்தால் 8.5 மீட்டர். 60 பாகை என்பது பந்தய வீரர்களின் சாய்வு. நம்மில் பலர் 30 பாகையைத் தாண்டுவதில்லை. அந்தச் சாய்வில் 17 மீட்டர் ஸ்கீ 15 மீட்டருக்கு அருகில்தான் திரும்பும். அதற்கும் குறுகிய திருப்பம் வேண்டுமென்றால் வாலைச் சறுக்கவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேடு பள்ளத்திலும் மரங்களுக்கு நடுவிலும் எல்லோரும் செய்வது அதைத்தான்.

ஆரம் சிறியதாக இருந்தால் நல்லது என்றும் எண்ண வேண்டாம். 13, 14 மீட்டர் ஸ்கீ சீர்செய்த சரிவில் கொண்டாட்டம். குழம்பிய பனியில் வேகமாகப் போகும்போது அதன் அகன்ற முனை எதிலாவது மாட்டி, நீங்கள் கேட்காத திருப்பத்தைத் தானே தொடங்கிவிடும். மலை முழுவதும் போக 16 முதல் 19 வரை பொறுமையான வீச்சு.

நான்காம் படி: பக்கத்திலிருந்து பாருங்கள்

கடையில் பைண்டிங் (பூட்டை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பூட்டமைப்பு) பொருத்தாத ஒரு ஜோடியை வாங்கி, அடிப்பரப்புகள் ஒன்றையொன்று தொடும்படி சேர்த்துக் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். நடுவில் ஒளி தெரிகிறதா? அந்த இடைவெளிதான் கேம்பர். உங்கள் எடை அதை அழுத்தும்போது அழுத்தம் முனைக்கும் வாலுக்கும் பரவுகிறது. இறுகிய பனியில் பிடிப்பும், திருப்பத்தின் முடிவில் ஒரு துள்ளலும் அதிலிருந்து வருகின்றன. இப்போது இரு கோடிகளையும் பாருங்கள். இரண்டு ஸ்கீகளும் எந்த இடத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்குகின்றன? முனைக்கு ஒரு சாண் தூரத்திலா, முழங்கை அளவு உள்ளேயா? அங்கிருந்து முனை வரை ராக்கர். பனியின் மேல் தட்டையாக நிற்கும்போது அந்தப் பகுதி பனியைத் தொடாது.

அடுத்து இரண்டையும் மெல்ல அழுத்திச் சேர்த்துப் பாருங்கள். கேம்பர் மூடும்போது கோடிகள் இன்னும் விரியும். 177 என்று எழுதிய ஸ்கீயில் தட்டையாக நிற்கும்போது பனியைத் தொடுவது அதைவிட எவ்வளவு குறைவு என்பது அப்போது கண்ணுக்கே தெரியும். நீளத்தைப் பற்றிய பாதிக் குழப்பம் இந்த ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இன்றைய ஆல்-மவுன்டன் ஸ்கீகளில் பெரும்பாலானவை முனையில் ராக்கர், காலடியில் கேம்பர், வாலில் கொஞ்சம் ராக்கர் என்ற அமைப்பு கொண்டவை. இந்த எண்ணம் வந்தது ஆழ்ந்த பனியிலிருந்து. 2000களின் தொடக்கத்தில் ஸ்கீ வீரர் ஷேன் மெக்காங்கியின் வற்புறுத்தலால் வோலன்ட் நிறுவனம் ஸ்பாட்டுலா என்ற ஸ்கீயைச் செய்தது. கேம்பரும் தலைகீழ், பக்க வளைவும் தலைகீழ். இடைதான் அதில் அகலமான இடம். ஆழ்ந்த பனிக்கு வெளியே அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதன் முனை எழுச்சி, அளவு குறைந்து, இன்று சாதாரண ஸ்கீகள் வரை வந்து சேர்ந்துவிட்டது.

முனையின் வடிவத்தையும் பாருங்கள். மிக அகலமான இடம் நுனிக்கு அருகில் இருந்தால், ஸ்கீ சாய்ந்த உடனே திருப்பத்துக்குள் இழுக்கும். அந்த இடம் உள்ளே தள்ளியிருந்து நுனி கூம்பிப் போனால், மென்பனியில் மாட்டாமல் நழுவும். இறுகிய பனியில் திருப்பத்தின் தொடக்கம் சற்று மந்தமாக இருக்கும். வாலுக்கும் இதே கணக்கு. அகலமான, தட்டையான வால் திருப்பத்தைக் கடைசிவரை பிடித்திருக்கும். பின்னால் சாய்ந்து உட்காருகிற பழக்கம் உள்ளவரை அது இரக்கமில்லாமல் இழுத்துக்கொண்டு போகும். ஒடுங்கி, மேல்நோக்கி எழுந்த வால் எளிதில் விட்டுக்கொடுக்கும். கற்றுக்கொண்டிருப்பவருக்கு இரண்டாவது வகை நிம்மதி.

ஐந்தாம் படி: எடை

எடையைப் பற்றித்தான் கடைகளில் தவறான பேச்சு அதிகம். கையில் தூக்கிப் பார்த்து, "எவ்வளவு லேசாக இருக்கிறது!" என்று வியந்து வாங்குகிறார்கள். ஸ்கீயைக் கையில் சுமப்பது வாகன நிறுத்தத்திலிருந்து லிஃப்ட் வரைதான்.

தோராயமான வீச்சுகள், 175 செ.மீ. சுற்றி உள்ள ஒற்றை ஸ்கீக்கு: மலையேறிச் சறுக்கும் டூரிங் வகை 1,200 முதல் 1,500 கிராம், லேசான ஆல்-மவுன்டன் 1,600 முதல் 1,800, நடுவாந்தரம் 1,800 முதல் 2,000, இரண்டு உலோகத் தகடுகள் வைத்தவை 2,000 முதல் 2,300. பைண்டிங் தனி, வழக்கமான ஆல்பைன் பைண்டிங் ஒரு காலுக்கு ஒரு கிலோவை ஒட்டி வரும். பூட் இன்னும் இரண்டு கிலோ. காலில் தொங்கும் மொத்தத்தில் ஸ்கீயின் 200 கிராம் வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அந்த 200 கிராம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறிவிடும்.

ஸ்கீயைத் திருப்பும்போது அது பூட்டைச் சுற்றிச் சுழல்கிறது. சுழற்சிக்கு எதிரான தடை, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பூட்டின் நடுவிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் உள்ள எடையையும் 85 செ.மீ. தூரத்தில், நுனியில் உள்ள அதே எடையையும் ஒப்பிட்டால், நுனியில் இருப்பது 18 மடங்கு தடை தருகிறது. அதனால்தான் நுனிகளை மட்டும் லேசாக்குவதில் நிறுவனங்கள் இவ்வளவு மெனக்கெடுகின்றன: உலோகத்தை நுனிக்கு முன்பே நிறுத்துவது, மரத்தைத் தேன்கூடு போன்ற பொருளால் மாற்றுவது. தராசில் ஒரே எடை காட்டுகிற இரண்டு ஸ்கீகளில் ஒன்று காலில் இறகாகவும் மற்றொன்று இரும்பாகவும் தோன்றுவது இதனால்தான். ஸ்கீயின் நடுவைப் பிடித்து மணிக்கட்டால் இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். தராசைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

எடையால் நன்மையும் உண்டு, அதுவும் பெரிய நன்மை. பிற்பகல் மூன்று மணிக்குச் சரிவில் இறங்குங்கள். காலையில் மெத்தையாக இருந்த பனியைக் கூட்டம் கிளறி, முழங்கால் உயரக் குவியல்களும் வழித்தெடுத்த தடங்களுமாக ஆக்கி வைத்திருக்கும். லேசான கார்பன் ஸ்கீ ஒவ்வொரு குவியலிலும் இடறி, முனை ஒரு பக்கம் ஒதுங்கும். நடுக்கம் பாதத்துக்கு ஏறும். உலோகம் வைத்த ஸ்கீ அதே குவியலை உடைத்துக்கொண்டு போகும். குண்டும் குழியுமான சாலையில் காலி லாரி குதிப்பதையும் சுமை ஏற்றிய லாரி நிதானமாகப் போவதையும் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அந்த நிதானத்தில் எடையின் பங்கு மட்டுமல்ல, பொருளின் பங்கும் உண்டு. உலோகம் என்றால் ஸ்கீ உலகில் பெரும்பாலும் டைட்டனால். பெயரைக் கேட்டு டைட்டானியம் என்று விற்பனையாளர்களே சொல்லிவிடுவதுண்டு. உண்மையில் அது ஆஸ்திரியாவின் அமாக் நிறுவனம் தயாரிக்கும் அலுமினியக் கலப்பு உலோகம். அரை மில்லிமீட்டரும் வராத இரண்டு தகடுகளை மரக் கருவின் மேலும் கீழும் ஒட்டுகிறார்கள். ரப்பர் அடுக்குகளோடும் பசையோடும் சேர்ந்து அவை அதிர்வை விழுங்குகின்றன. ஸ்கீ முறுக்கிக்கொள்வதையும் தடுக்கின்றன. கார்பன் இழை லேசாக இருந்துகொண்டே விறைப்பைத் தரும்; அதிர்வை விழுங்குவதில் அவ்வளவு கெட்டி இல்லை. மரத்திலும் வேறுபாடு உண்டு. பீச், ஆஷ் கனமானவை, உறுதியானவை, பாப்லர் நடுத்தரம், பவுலோனியா, பால்சா லேசானவை.

எவ்வளவு எடை வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: உங்கள் வேகம், உங்கள் உடல் எடை. 60 கிலோ உள்ளவர், மிதமான வேகத்தில் போகிறவர், 2,200 கிராம் உலோக ஸ்கீயை வளைக்கவே முடியாது. வளையாத ஸ்கீக்குப் பக்க வளைவு இருந்தும் பயனில்லை. அது நேராகத்தான் போகும். 90 கிலோ உள்ளவர் 1,650 கிராம் ஸ்கீயில் வேகமெடுத்தால் முனை படபடக்கும், வால் வழுக்கும். ஸ்கீயைத் தோளில் கட்டிக்கொண்டு மலையேறும் எண்ணம் இல்லாதவர் 1,700 கிராமுக்குக் கீழே தேடத் தேவையில்லை என்பது என் கருத்து.

பெண்களுக்கானது என்று தனியாக விற்கப்படும் ஸ்கீகளைப் பற்றி ஒரு வார்த்தை. சில நிறுவனங்கள் உண்மையிலேயே உலோகத்தைக் குறைத்து, பைண்டிங் இடத்தைச் சற்று முன்னே நகர்த்தித் தருகின்றன. சில, அதே ஸ்கீயின் மேல்தகட்டில் படத்தை மட்டும் மாற்றுகின்றன. எடையையும் அமைப்பையும் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். லேசான உடல் கொண்ட ஆணுக்கு முதல் வகை ஸ்கீ அழகாகப் பொருந்தும். படத்தைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆறாம் படி: இப்போது நீளம்

மூக்கிலிருந்து புருவம் வரை என்பதைத் தொடக்கப் புள்ளியாக வையுங்கள். அங்கிருந்து கூட்டுவதும் கழிப்பதும் மேலே பார்த்தவற்றைப் பொறுத்தது. ராக்கர் நீளமாக இருந்தால் கூட்டலாம். பனியைத் தொடும் பகுதி எப்படியும் குட்டைதான். லேசான ஸ்கீ என்றால் கூட்டலாம். சுழற்றுவது கடினமில்லை, கூடுதல் நீளம் நிதானத்தைத் தரும். இரண்டு தகடு உலோகம், தட்டையான வால் என்றால் கழியுங்கள். மேடு பள்ளமும் மரங்களும் பிடிக்கும் என்றால் கழியுங்கள். அகன்ற சரிவில் வேகமாகப் போக ஆசை என்றால் கூட்டுங்கள். ஸ்கீயை வளைப்பது எடைதான், உயரம் அல்ல; ஆகவே உயரத்துக்கு ஏற்ற எடையைவிட அதிகம் இருந்தால் கூட்டுங்கள், குறைவாக இருந்தால் கழியுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. உயரம் 172 செ.மீ., எடை 70 கிலோ. நடுத்தரக் கடினத்துக்கான சிவப்பு அடையாளமிட்ட சரிவுகளில் தயக்கமில்லாமல் இறங்குவார். மிகக் கடினமான கறுப்பில் கொஞ்சம் நின்று யோசிப்பார். சுவிட்சர்லாந்தில் எங்கெல்பெர்க் பக்கம் ஆண்டுக்கு ஒரு வாரமும் சில வார இறுதிகளும். அவர் 88 மி.மீ. இடை, இரண்டு டைட்டனால் தகடு, குறைந்த ராக்கர் கொண்ட ஸ்கீயைத் தேர்ந்தால், அது 164, 170, 177 என்று வருமானால், 170 போதும். 177இல் அந்த ஸ்கீ அவரிடம் நிறைய உழைப்பைக் கேட்கும். அதே ஆள் 98 மி.மீ., ஒரு தகடுகூட இல்லாத, முனையிலும் வாலிலும் தாராளமான ராக்கர் உள்ள ஸ்கீயைத் தேர்ந்தால் 177 எடுப்பதே சரி. 170இல் பனியைத் தொடும் விளிம்பு மிகக் குட்டையாகி, இறுகிய சரிவில் ஸ்கீ காலுக்கடியில் சுழன்றுவிடும். ஒரே உடம்புக்கு இரண்டு நீளங்கள், இரண்டும் சரி.

இரண்டு அளவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? முன்னேறிக்கொண்டிருப்பவரிடம், "வளர்ந்துவிடுவீர்கள், பெரியதையே எடுங்கள்" என்று சொல்வது கடைகளின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீளம் கூடினால் சுழல்தடை கூடுகிறது, ஆரம் கூடுகிறது, பல மாதிரிகளில் விறைப்பும் கூடுகிறது. நீளமான அளவைக் கனமானவர்களுக்கென்றே கெட்டியாகச் செய்கிறார்கள். மூன்றையும் ஒன்றாகச் சமாளிக்கப் போராடுகிறவர் பின்னால் சாய்ந்து உட்காரத் தொடங்குவார். அந்தப் பழக்கத்தைப் போக்க ஆசிரியருக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னொரு ஜோடியே வாங்கிவிடலாம். ஏற்கெனவே வேகமாக, முன்சாய்ந்து சறுக்குகிறவர் பெரியதை எடுக்கட்டும். மற்றவர்களுக்குச் சின்னது.

ஏழாம் படி: சறுக்கிப் பார்த்து வாங்குவது

பெரிய மலைகளின் அடிவாரக் கடைகளில் சோதனை ஸ்கீகள் கிடைக்கும். வாடகையைக் கட்டிவிட்டு ஒரே நாளில் இரண்டு மூன்று ஜோடிகளை மாற்றிக்கொள்ளலாம். வாங்கினால் வாடகையைக் கழித்துக்கொள்ளும் கடைகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

சோதனையில் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே மாதிரியை இரண்டு நீளங்களில். பிறகு ஒரே நீளத்தில் இரண்டு எடைகளில். அகலத்தையும் நீளத்தையும் நிறுவனத்தையும் சேர்த்து மாற்றினால், எது எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொரு ஜோடியையும் அதே சரிவில், அதே லிஃப்டில் சோதியுங்கள். முதல் இறக்கத்தில் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அது உங்கள் கால் பழகுகிற இறக்கம். இரண்டாவதில் நீளமான திருப்பங்கள், கொஞ்சம் வேகம்: முனை படபடக்கிறதா என்று கவனியுங்கள். மூன்றாவதில் ஓரத்துக் குழம்பிய பனியில் குறுகிய திருப்பங்கள்: வால் கேட்டபோது விடுகிறதா? கடைசியாக, களைப்போடு ஒரு முறை. காலை பத்து மணிக்கு எல்லா ஸ்கீகளும் நன்றாகத்தான் இருக்கும். தொடை எரியும்போது எது பொறுத்துக்கொள்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு ஸ்கீ பிடிப்பில்லாமல் வழுக்கினால், அதைக் குறை சொல்லும் முன் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நகத்தின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய துகள் உரிந்து வர வேண்டும். வரவில்லையென்றால் விளிம்பு மழுங்கியிருக்கிறது. கூர்தீட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். மழுங்கிய விளிம்பால் கெட்ட பெயர் வாங்கிய நல்ல ஸ்கீகள் நிறைய.

வாங்கியதும் பைண்டிங் பொருத்தும் இடத்தைப் பற்றியும் பேசிவிடுங்கள். ஸ்கீயின் நடுவில் நிறுவனம் ஒரு கோடு போட்டிருக்கும். பூட்டின் நடுக்கோடு அதன்மேல் வர வேண்டும். ஆல்-மவுன்டன் ஸ்கீகளில் அது ஸ்கீயின் உண்மையான நடுவிலிருந்து பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து செ.மீ. பின்னே இருக்கும். ஒரு செ.மீ. முன்னே நகர்த்தினால் திருப்பம் எளிதாகும், முன்பக்கம் குட்டையாகும். பின்னே நகர்த்தினால் மென்பனியில் முனை நன்றாக எழும், திருப்பம் மந்தமாகும். காரணம் தெரியாமல் கோட்டை விட்டு விலக வேண்டாம். துளை போட்ட பிறகு மனம் மாறினால், பழைய துளைகளை அடைத்துச் சில மி.மீ. தள்ளித்தான் புதிதாகத் துளைக்க முடியும். நகர்த்திப் பார்க்கும் ஆசை இருந்தால், தண்டவாளம் போன்ற தகட்டில் முன்னும் பின்னும் நகரும் சோதனை பைண்டிங் உள்ள ஸ்கீயில், வாங்குவதற்கு முன்பே அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.